ஜப்பானின் சோசாகு ஹங்கா: மரக்கட்டையிலிருந்து பிறந்த அரூபம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோசாகு ஹங்கா என்றால் என்ன?

‘ஹங்கா’ என்றால் அச்சோவியம். ‘சோசாகு’ என்றால் படைப்பு. ஒரு கலைஞர் தானே வரைந்து, தானே கட்டையில் செதுக்கி, தானே தாளில் அச்செடுத்த ஓவியத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் இந்தப் பெயர் வந்தது. இந்த இயக்கத்தின் கொள்கையை ஜப்பானியர் மூன்று சொற்களில் சொல்லிவிடுகிறார்கள்: ஜிகா, ஜிகோகு, ஜிசூரி. வரைவது, செதுக்குவது, அச்சிடுவது. மூன்றுக்கும் முன்னால் நிற்கும் ‘ஜி’ என்பதற்குத் ‘தானே’ என்று பொருள். இந்தத் ‘தானே’தான் ஜப்பானிய மர அச்சை அரூப ஓவியத்துக்கு, அதாவது எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டாத ஓவியத்துக்கு, இட்டுச்சென்றது என்று நான் நம்புகிறேன். கீழே வரும் பதில்கள் பலவும் அந்த இடத்துக்கே சுற்றிச் சுற்றி வரும்.

பழைய ஓவியர்களான ஹொகுசாய், ஹிரோஷிகே செய்தவையும் மர அச்சுகள்தானே? அவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

அலையும் ஃபூஜி மலையும் உள்ள அந்தப் புகழ்பெற்ற படங்கள் உகியோ-எ மரபைச் சேர்ந்தவை. அந்த மரபில் ஒரு படத்துக்குப் பின்னால் நான்கு பேர் இருந்தார்கள். முதல் போட்டு, என்ன விற்கும் என்று முடிவு செய்தவர் பதிப்பாளர். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுப்படம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைச் செர்ரி மரப்பலகையில் ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டு மற்ற இடத்தைச் செதுக்கி எடுப்பார். அச்சிடுபவர் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டையாக வைத்து அச்செடுப்பார். ஹொகுசாயின் பெயரில் நாம் பார்க்கும் படங்களை ஹொகுசாய் செதுக்கவும் இல்லை, அச்சிடவும் இல்லை. தலைமுறைகளாகக் கைவந்த தொழிலாளிகளின் திறமை அவற்றில் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஓவியரின் வேலை கோட்டோடு முடிந்துவிடுகிறது. மரம் என்ன சொல்கிறது, ஈரத்தாள் நிறத்தை எப்படிக் குடிக்கிறது என்பதெல்லாம் அவர் கைக்கு எட்டாத சேதிகள். கோடு கெட்டியாக, முடிந்த பொருளாகக் கொடுக்கப்பட்டால்தான் அடுத்தவர் அதைச் செதுக்க முடியும். ஆகவே படத்தில் எப்போதும் ஓர் உருவம் இருந்தாக வேண்டும்.

புதிய இயக்கம் எப்போது, யாரால் தொடங்கியது?

யமமோட்டோ கனாயே (1882–1946) என்ற இளைஞர் 1904ஆம் ஆண்டு ‘மீனவர்’ என்ற சிறிய அச்சோவியத்தைச் செய்தார். அந்த ஆண்டு ஜூலையில் ‘ம்யோஜோ’ என்ற இலக்கிய இதழில் அது வெளிவந்தது. கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மீனவர்; மிகக் குறைந்த நிறங்கள்; உளி போன தடம் தெரியும் செதுக்கு. யமமோட்டோ சிறு வயதிலேயே மரச்செதுக்குத் தொழில் பழகியவர். பிறகு ஓவியமும் படித்தார். இரண்டு திறமையும் ஒரே கையில் சேர்ந்ததால்தான் அந்தப் படம் பிறந்தது. அவருடைய நண்பர் இஷீ ஹகுதேய் அதை அறிமுகப்படுத்தும்போது ‘கத்தியால் வரைந்த ஓவியம்’ என்ற பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தினார். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

1918இல் ஜப்பான் படைப்பு அச்சோவியச் சங்கம் அமைந்தது. அதன் முதல் கண்காட்சி 1919இல் தோக்கியோவின் மிட்சுகோஷி கடையில் நடந்தது. அரசின் பெரிய கலைக்காட்சி இந்த அச்சுகளை ஏற்க 1927 வரை ஆயிற்று. அதுவரை அவை கலை என்றே எண்ணப்படவில்லை; பத்திரிகைக்கும் கடைக்கும் உரிய கைத்தொழிலாகவே கருதப்பட்டன.

அரூபம் எங்கே நுழைந்தது?

மூன்று மாணவர்களின் கையெழுத்து இதழ் போன்ற ஒரு முயற்சியில் என்று சொல்லலாம். ஒன்ச்சி கோஷிரோ (1891–1955), தனாகா கியோகிச்சி, ஃபுஜிமோரி ஷிசுஓ ஆகிய மூவரும் 1914 முதல் 1915 வரை ‘ட்சுகுஹாயே’ என்ற இதழை நடத்தினார்கள். நிலவொளி என்ற பொருள் தொனிக்கும் பெயர் அது. கவிதையும் அச்சோவியமும் சேர்ந்த அந்த இதழ் ஏழே ஏழு வந்து நின்றுபோனது. விற்பனை மிகக் குறைவு.

அந்த இதழ் நடந்த நாட்கள் முழுவதும் தனாகாவுக்குக் காசநோய். ஊருக்குத் திரும்பிப் படுக்கையில் இருந்தபடியே செதுக்கினார். செதுக்க வலு இல்லாதபோது வரைந்தார், கவிதை எழுதினார். 1915இல், இருபத்து மூன்று வயதில் இறந்துபோனார். கடைசி இதழ் அவருக்கான பிரியாவிடையாக வந்தது. அந்த ஆண்டிலேயே ஒன்ச்சி ‘ஒளி மிகுந்த பொழுது’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் அச்சோவியம் செய்தார். ஜப்பானியக் கலையின் மிக முந்தைய அரூபப் படைப்புகளில் ஒன்றாக இன்று அதைக் குறிப்பிடுகிறார்கள். நண்பன் தேய்ந்துகொண்டிருந்த நாட்களில் ‘ஒளி’ என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்துவிடுகிறது.

ஐரோப்பிய அரூப ஓவியத்தைப் பார்த்துச் செய்ததுதானே?

பார்த்தார்கள், மறைக்கவும் இல்லை. 1914 மார்ச்சில் தோக்கியோவின் ஹிபியாவில் ஜெர்மனியின் ‘டெர் ஷ்டூர்ம்’ என்ற நவீனக் கலைக் குழுவினரின் மரச்செதுக்கு அச்சுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பெர்லினில் இசை படித்துத் திரும்பிய யமடா கோசாகுவும் அவர் நண்பர் ஒருவரும் கொண்டுவந்த படங்கள் அவை. ஐரோப்பிய ஓவியர்களான கந்தின்ஸ்கியும் மூங்க்கும் ஒன்ச்சியின் மனத்தில் ஆழப் பதிந்தவர்கள்.

என்றாலும் வந்து சேர்ந்த விதையை மட்டும் பார்த்துவிட்டு மண்ணை மறந்துவிடக் கூடாது. ஒன்ச்சி தன் அரூபப் படங்களுக்குத் தொடக்கம் முதல் வைத்த பெயர் ‘ஜோஜோ’. கவிதை உலகிலிருந்து எடுத்த சொல். நம் மொழியில் தன்னுணர்ச்சிப் பாடல் என்போமே, அதற்கு மிக நெருக்கமானது. உருவத்தை உடைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி அவருக்கு நோக்கமே இல்லை. மனத்தில் எழுந்து மறையும் ஒன்றைக் கட்டையில் பிடித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். 1917இல் ஹகிவாரா சகுதாரோ என்ற கவிஞரின் முதல் தொகுப்பு வந்தபோது அதில் மறைந்த தனாகாவின் படங்களும் ஒன்ச்சியின் படங்களும் இடம்பெற்றன. வாழ்நாள் முழுதும் ஒன்ச்சிக்குச் சோறு போட்டதும் புத்தக வடிவமைப்புத்தான். 1930களில் இசை கேட்டு எழுந்த உணர்வை வரிசையாக அச்சாக்கினார். பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் இசைக்கு ஒன்று, யமடா கோசாகுவின் இசைக்கு ஒன்று என்று அது போகிறது. ஜெர்மானிய அச்சுகளைக் கொண்டுவந்த அதே யமடா!

அச்செடுப்பது எப்படி? சற்று விளக்க முடியுமா?

முடியும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் படங்களைப் பார்த்தால் பாதிதான் தெரியும்.

பழைய தொழிலாளிகள் செர்ரி மரத்தை விரும்பினார்கள், நுணுக்கக் கோடு உடையாமல் நிற்கும் என்பதால். நவீனக் கலைஞர்கள் பலரும் ஷினா மரத்தாலான ஒட்டுப்பலகைக்கு மாறினார்கள். விலை குறைவு, மென்மை, பெரிய அளவில் கிடைக்கும். கட்டையின் மூலையில் ‘கென்தோ’ என்னும் சிறு படி வெட்டப்படும். ஒவ்வொரு நிறத்துக்கும் தாளை அந்தப் படியில் அண்டக் கொடுத்து வைத்தால் நிறம் இடம் மாறாது.

நிறம் நீரில் கரைத்தது, எண்ணெய் கிடையாது. கட்டையின் மீது நிறத்தையும் சிறிது அரிசிப் பசையையும் வைத்துத் தூரிகையால் பரப்புவார்கள். தாள் கோசோ என்ற செடியின் பட்டை நாரில் செய்தது. வச்சிரப் பசையும் படிகாரமும் கலந்த நீர் பூசப்பட்டு, அச்சிடும்போது அளவான ஈரத்துடன் இருக்கும். தாளைக் கட்டையில் படிய விட்டு, பின்புறத்தில் ‘பாரென்’ என்னும் வட்டமான தேய்ப்பானால் தேய்ப்பார்கள். உள்ளே முறுக்கிச் சுற்றிய மூங்கில் நாரும், வெளியே மூங்கில் மடலும் கொண்ட அது உள்ளங்கைக்குள் அடங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிலரங்கில் நான் இதைச் செய்து பார்த்தேன். அழுத்தம் கையில் தொடங்குவதில்லை, தோளிலிருந்து இறங்குகிறது. தேய்க்கத் தேய்க்கத் தாளின் பின்புறத்தில் நிறம் மங்கலாகக் கசிந்து தெரிகிறது. எவ்வளவு ஏறியது, எங்கே போதவில்லை என்பதைப் பின்புறம் பார்த்தே கணிக்க வேண்டியிருக்கிறது. முதல் தாளை நான் தூக்கியபோது நிறம் சீராக ஏறாமல் எள் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது. கெட்டுவிட்டது என்று எடுத்து வைக்கப் போனேன். கற்றுக்கொடுத்தவர் தடுத்து, இதற்கே ‘கோமாசூரி’ என்று பெயர், எள் அச்சு, பசையைக் குறைத்து லேசாகத் தேய்த்து வேண்டுமென்றே இப்படி எடுப்பவர்கள் உண்டு என்றார். அந்தத் தாளைச் சன்னலோரம் சாய்த்துப் பார்த்தேன். பலகையின் ரேகையும் எள்புள்ளிகளும் சேர்ந்து மழைக்கு முந்திய வானம்போல் இருந்தது. நான் வரைந்த எதுவும் அதில் இல்லை.

ஒன்ச்சியின் படங்களை அதற்குப் பிறகுதான் எனக்குப் பார்க்கத் தெரிந்தது. தானே தேய்ப்பவனுக்கு ஒவ்வொரு தாளிலும் இப்படி ஒன்று கண்ணில் படும். அதைத் தொழிலாளி பிழை என்று நீக்குவார், நீக்குவது அவர் கடமை. கலைஞரே அச்சிடும்போது அதை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. ரேகை, கசிவு, ஈரம், அழுத்தம் இவையே படமாகிவிட்டால் மீனவனோ மலையோ தேவைப்படுவதில்லை.

ஒன்ச்சி நூலையும் இலையையும் வைத்து அச்செடுத்தார் என்கிறார்கள். அதை மர அச்சு என்று சொல்லலாமா?

சொல்லலாம் என்பதே என் கட்சி. போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் அவர் நூல், இலை, அட்டை, துணி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அச்சுக்கட்டையாக்கினார். ஒரு படத்தில் செருப்பின் குதிப்பகுதியும் பயன்பட்டிருக்கிறது. ஆனால் நீரில் கரைத்த நிறம், நார்த்தாள், பாரெனின் தேய்ப்பு இவை மாறவில்லை. இலையின் நரம்பு தாளில் விழும்போது அது வரைந்த இலைபோல் இருப்பதில்லை, அந்த இலையே ஒருமுறை அங்கே கிடந்துவிட்டு எழுந்துபோனதுபோல் இருக்கிறது. பெரும்பாலான படங்களை மிகக் குறைந்த பிரதிகளே எடுத்தார். மலிவாகப் பலருக்கும் போய்ச் சேரும் கலையாகத் தொடங்கிய ஜப்பானிய மர அச்சு, அவர் கையில் ஒரு கவிதையின் கையெழுத்துப்படி அளவுக்கு அரிதாயிற்று. இது இழப்பா என்று கேட்டால், ஆம், ஓரளவு இழப்புத்தான்.

போர்க்காலத்தில் இவர்கள் என்ன செய்தார்கள்?

விரும்பிப் படிக்கும் பகுதியல்ல, ஆனாலும் விடக் கூடாது. ஒன்ச்சி 1939இல் ராணுவத்தின் சார்பில் சீனாவுக்குப் போய் வரைந்தார். 1943இல் போர்க்கால அரசுக்கு ஒத்துழைக்க அமைக்கப்பட்ட அச்சுக் கலைஞர் அமைப்புக்குத் தலைமை வகித்தார். தாளும் நிறமும் ரேஷனில் கிடைத்த காலம் அது. அமைப்பில் இருந்தால்தான் தாள் கிடைக்கும் என்பது உண்மை. அதை மட்டும் சொல்லி அவரை விடுவித்துவிட நான் தயாரில்லை.

அதே 1943இல்தான் அவருடைய மிகச் சிறந்த உருவப்படம் வந்தது. முந்தைய ஆண்டு மறைந்த கவிஞர் ஹகிவாரா சகுதாரோவின் முகம். வரிவரியாகச் சுருங்கிய நெற்றி, எங்கோ நிலைத்த கண்கள். அரூபம் அறிந்த கை ஒரு மனிதனை வரைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதைத்தான் காட்டுவேன்.

முதல் வியாழன் சங்கம் என்பது எது?

1939 முதல் ஒன்ச்சியின் வீட்டில் மாதத்தின் முதல் வியாழனன்று கூடிய நண்பர்கள் கூட்டம். இச்சிமோகுகாய் என்று பெயர். வந்தவர்கள் தாங்கள் எடுத்த அச்சுகளைப் பரப்பிவைத்துப் பேசினார்கள். 1944 முதல் 1950 வரை ஆளுக்கொரு அச்சு கொடுத்து ஆறு தொகுப்புகள் சேர்த்தார்கள். முதல் தொகுப்பு போர் நடந்துகொண்டிருந்த நாட்களில் தயாரானது என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

போர் முடிந்து அமெரிக்க ஆட்சி நடந்த காலத்தில், அலுவலர்களாக வந்திருந்த வில்லியம் ஹார்ட்நெட், ஆலிவர் ஸ்டாட்லர் போன்றவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வரத் தொடங்கினார்கள். படங்களை வாங்கினார்கள், எழுதினார்கள். நாவலாசிரியர் ஜேம்ஸ் மிச்சனரும் பின்னர் சேர்ந்துகொண்டார். ஒன்ச்சியின் அரூபப் படங்கள் இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஜப்பானுக்குள் மரியாதை எப்போது கிடைத்தது?

வெளியூர் போய் வந்த பிறகு. 1951இல் பிரேசிலின் முதல் சாவ் பாவ்லோ பியென்னாலேவில் (ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக்காட்சி) ஜப்பானுக்காகப் பரிசு பெற்றவர்கள் மர அச்சுக் கலைஞர் சைத்தோ கியோஷியும் செப்புத்தகட்டு அச்சுக் கலைஞர் கோமாய் தெட்சுரோவும். பெரிய ஓவியர்கள் இருக்க, அச்சுக்காரர்களுக்கா என்று தோக்கியோவில் வியந்தார்கள். 1956இல் வெனிஸ் பியென்னாலேவில் முனகாட்டா ஷிகோவுக்கு அச்சுக்கலைக்கான பெரும்பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே தோக்கியோவில் சர்வதேச அச்சோவிய பியென்னாலே தொடங்கி, 1979 வரை நடந்தது. ஒன்ச்சி இவற்றில் பலவற்றைப் பார்க்கவில்லை, 1955இல் மறைந்துவிட்டார்.

முனகாட்டாவும் அரூபக் கலைஞரா?

இல்லை. அவோமோரியில் கொல்லர் மகனாகப் பிறந்த அவருடையது புத்த உருவங்களும் நாட்டார் தெய்வங்களும் நிறைந்த உலகம். பார்வை மங்கிய அவர் பலகையில் முகம் உரசுமளவு குனிந்து செதுக்குவார். ‘பலகை சொல்வதைக் கேட்டல்’ என்ற ஒன்றில் மட்டும் ஒன்ச்சிக்குப் பங்காளி.

யோஷிதா குடும்பத்தில் இதற்காகச் சண்டையே நடந்ததாமே?

சண்டை என்பதைவிட நீண்ட மௌனம் என்று சொல்லலாம். யோஷிதா ஹிரோஷி (1876–1950) இயற்கைக் காட்சி அச்சுகளில் பெரும்புகழ் பெற்றவர். இந்தியாவுக்கு வந்து தாஜ்மகாலையும் கஞ்சன்ஜங்காவையும் அச்சாக்கியவரும் அவரே. அரூபம் அவருக்குப் பிடிக்காது. இளைய மகன் ஹோதாகா அப்பாவுக்குத் தெரியாமல் அரூப ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தார். தந்தை மறைந்த பின் மூத்த மகன் தோஷியும் அரூப அச்சுகள் பக்கம் போனார். எனக்கு வியப்பளிப்பவர் இவர்களின் தாய் ஃபுஜிஓ. கணவர் இருந்தவரை நீர்வண்ணக் காட்சிகள் வரைந்தவர், 1950களில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, மலரை அதன் உள்மடல் வரை நெருங்கிப் பார்த்து, மலரா வெறும் வளைவுகளா என்று சொல்ல முடியாத அச்சுகளைச் செய்தார். 1987இல், ஏறக்குறைய நூறு வயதில் மறைந்தார்.

பெண்கள் வேறு யார் யார்?

ஹோதாகாவை 1953இல் மணந்த யோஷிதா சிசுகோ முக்கியமானவர். 1956இல் அவரும், இவாமி ரெய்கா, மினாமி கெய்கோ, கோபயாஷி தோங்கே முதலியோரும் சேர்ந்து பெண்கள் அச்சோவியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆண்களின் சங்கங்களில் தங்களுக்குக் கிடைத்த இடம் போதாது என்பதே காரணம்.

இவாமி ரெய்கா (1927–2020) கடலில் மிதந்து கரையொதுங்கிய மரத்துண்டுகளை அச்சுக்கட்டையாக்கினார். நீர் பல காலம் தேய்த்த ரேகை அப்படியே தாளில் கருமையாக விழும். நடுவில் தங்கத் தகடு நிலவுபோல் ஒரு துண்டு. நிறமில்லாமல் அழுத்திய புடைப்பு வேறு. கடலை அவர் வரையவே இல்லை. கடல் செய்த வேலையைத் தாளுக்கு மாற்றினார்.

ஒன்ச்சிக்குப் பிறகு புதிய உத்திகள் வந்தனவா?

வந்தன. ஹகிவாரா ஹிதேஓ (1913–2007), மேலே சொன்ன கவிஞர் வேறு, இவர் வேறு. காசநோயில் படுத்திருந்து தேறிய நாட்களில் மர அச்சைக் கையில் எடுத்தார். தாளின் இரண்டு பக்கமும் அச்சிடும் முறையை வளர்த்தார். பின்பக்கம் அச்சிட்ட நிறம் நாருக்குள் ஊறி முன்பக்கம் மங்கலாக எழும். அதன் மேல் முன்பக்க நிறம் வரும். ஆழத்திலிருந்து வெளிச்சம் வருவது போன்ற உணர்வு கிடைக்கும். 1960இல் செய்த ‘கல் மலர்’ வரிசையில் இதைக் காணலாம். எண்ணெய் மையில் இது நடக்காது. நீரும் நார்த்தாளும் இருந்தால்தான் முடியும்.

மாகி ஹாகு (1924–2000) பலகைமேல் சிமெண்டுக் கலவையைப் பூசி, அதில் சீன எழுத்து வடிவங்களைச் சிதைத்துச் செதுக்கி, தாளில் ஆழமான புடைப்பாக எடுத்தார். எழுத்து வாசிக்க முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் இடையில் நிற்கும்.

எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறதா?

இல்லை. கியோத்தோவில் பணியாற்றிய குரோசாகி அகிரா (1937–2019) தன் அரூபப் படங்களை அச்சிட மரபுவழி அச்சுத் தொழிலாளிகளுடன் சேர்ந்து வேலை செய்தார். படங்கள் அழகானவை, மறுக்க முடியாது. ஒன்ச்சி மறைந்த பின் அவருடைய கட்டைகளிலிருந்து பிறர் பிரதிகள் எடுத்திருக்கிறார்கள். சகுதாரோவின் உருவப்படம்கூட அவரே எடுத்த சில பிரதிகளையும், செகினோ ஜுனிசிரோ, ஹிராய் கோயிச்சி ஆகியோர் எடுத்த பிரதிகளையும் கொண்டது. வாங்குபவர் எது யார் எடுத்தது என்று கேட்டே ஆக வேண்டும். படம் ஒன்றே, கட்டையும் ஒன்றே. தேய்த்த தோள் வேறு.

எங்கே பார்க்கலாம்?

தோக்கியோவின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒன்ச்சி நிறைய உண்டு. 2016இல் அங்கே அவருக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. தோக்கியோ பெருநகரப் பகுதியைச் சேர்ந்த மாச்சிதாவில் அச்சோவியத்துக்கென்றே ஒரு நகர அருங்காட்சியகம் இருக்கிறது. சைத்தோவுக்கு ஃபுகுஷிமா மாவட்டத்தின் யனாய்சுவில் தனி அருங்காட்சியகம். தனாகாவின் படங்களுக்கு அவர் பிறந்த வகயாமா. வெளிநாட்டில் என்றால் சிகாகோ கலை நிறுவனம், ஹொனலூலு, லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம். நார்த்தாள் ஒளி பட்டால் நிறம் மங்கும் என்பதால் எப்போதும் தொங்கவிட்டிருக்க மாட்டார்கள். பல அருங்காட்சியகங்களில் முன்கூட்டி எழுதிக் கேட்டால் பார்வை அறையில் எடுத்துக் காட்டுவார்கள். அப்படி வாய்த்தால் நேராக மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். குனிந்து, தாளின் ஓரத்திலிருந்து ஒளி சாய்ந்து விழும் கோணத்தில் பாருங்கள்; பாரென் சுற்றிச் சென்ற வட்டத்தடம் இன்னும் அங்கே இருக்கும்.